முன் சக்கரத்தில் கேட்கும் ஓசை

லோரியின் முன்பக்கத்தில் ஓசை கேட்டால் நம்மவர்கள் உடனே பழி போடுவது பிரேக்கின்மீதுதான். பட்டறைக்குப் போய் லைனிங்கை மாற்றுவார்கள். மறுவாரமே அதே ஓசை திரும்பி வந்துவிடும். செம்பனைக் குலைகளையோ மரக்கட்டைகளையோ ஏற்றிப் பல ஆண்டுகள் உழைத்த வண்டியில் ஓசைக்குக் காரணம் பிரேக்காகவும் இருக்கலாம்; பேரிங், கிங்பின், சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்டட் ஆகியவற்றுள் ஒன்றாகவும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறியும் முறையை இன்று பார்ப்போம்.

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் ஓசை வருகிறதா, மிதிக்காதபோதும் வருகிறதா? முதலில் ஓட்டுநரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மிதிக்கும்போது மட்டும் 'கீச்' என்று கத்தினால், லைனிங்கின் மேற்பரப்பு சூட்டில் கண்ணாடிபோல் வழவழப்பாகியிருக்கலாம். அல்லது டிரம்முக்குள் செம்மண் தூசி சேர்ந்திருக்கலாம். தோட்டப் பாதைகளில் ஓடும் வண்டிகளுக்கு இது மிகச் சாதாரணம். 'கரகர' என்று இரும்பு உராயும் ஓசையானால் காலம் தாழ்த்தக் கூடாது. லைனிங் தேய்ந்து, அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளின் தலை டிரம்மை உழுது கொண்டிருக்கிறது என்று பொருள். மிதிக்கும்போது பெடலும் ஸ்டியரிங்கும் விட்டு விட்டு அதிர்ந்தால், டிரம் வட்டம் கெட்டிருக்கிறது. காராக் நெடுஞ்சாலை போன்ற மலைச்சாலைகளில் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம்முக்கு இந்தக் கதிதான் நேரும். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், மறுபக்கத்து ஆயில் சீல் கசிந்து லைனிங்கில் எண்ணெயோ கிரீஸோ படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லைனிங்கை மாற்றும்போது இரு முன் சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கொடிய பகை. டிரம்மைக் கழற்றியதும் காற்றுக் குழாயை வைத்து 'புஸ்' என்று ஊதும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

பிரேக்கை மிதிக்காதபோதும் ஓசை வந்தால், வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜேக்கால் தூக்கித் தாங்கியின்மேல் இருத்த வேண்டும். ஜேக்கை மட்டும் நம்பி வேலை செய்யவே கூடாது. சக்கரத்தைக் கையால் சுழற்றினால், பேரிங் பழுதானால் உறுமல் கேட்கும். பிறகு சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால், உதவியாளரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் குறை பேரிங்கில், நிற்காவிட்டால் கிங்பின்னில். காசில்லாத சோதனை இது. ஆனால் எத்தனை பட்டறைகளில் செய்கிறார்கள்?

இனி ஸ்டட்டுக்கு வருவோம். மெதுவாகத் திரும்பும்போது 'டொக், டொக்' என்று சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப ஓசை வருகிறதென்றால் நட்டுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்த ஓசை கேட்ட இடத்திலேயே வண்டியை ஓரங்கட்ட வேண்டும். பட்டறை வரை ஓட்டிப் பார்ப்போம் என்று நினைக்கக் கூடாது. கழன்ற லோரிச் சக்கரம் ஒரு மோட்டார் சைக்கிளோட்டியின்மீது மோதினால் அவர் பிழைப்பது அரிது.

ஸ்டட்டுகள் வண்டியின் பாரத்தை நேராகச் சுமப்பதில்லை. நட்டை முடுக்கும்போது ஸ்டட் மிகச் சிறிதளவு நீள்கிறது. ரப்பர் பட்டையைப்போல் அது திரும்பச் சுருங்க முயன்று, சக்கரத்தை ஹப்போடு சேர்த்து நெரிக்கிறது. அந்தப் பிடியினால் உண்டாகும் உராய்வே பாரத்தைத் தாங்குகிறது. பிடி தளர்ந்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட் சற்று வளைந்து நிமிரும். கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பதைப் போன்றதுதான் இது. ஒடிந்த ஸ்டட்டின் முகத்தைப் பார்த்தாலே கதை தெரியும்: ஒரு பகுதி வழவழப்பாகக் கறுத்தும், மறுபகுதி சொரசொரப்பாகப் பளிச்சென்றும் இருந்தால், விரிசல் பல நாளாக வளர்ந்து கடைசியில் முறிந்தது என்று அறியலாம்.

தளர்ச்சியை முன்கூட்டியே காட்டும் அடையாளங்கள் உண்டு. நட்டிலிருந்து கதிர்போலச் செந்நிறத் துருக்கோடு ஓடும். நட்டைச் சுற்றிச் சாயம் உதிர்ந்து இரும்பு பளபளக்கும். சக்கரத்தின் துளை நீள்வட்டமாகியிருக்கும். நட்டின் ஒரு பக்கம் விரலை வைத்து, மறுபக்கம் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் உண்டு. தளர்ந்த நட்டு மந்தமாக ஒலிக்கும். அதன் அதிர்வும் விரலுக்கு வேறாகத் தெரியும்.

நம் நாட்டில் ஓடும் பழைய ஜப்பானிய லோரிகள் பலவற்றில், இடப்பக்கச் சக்கரங்களின் மரை இடப்புரியாக இருக்கும். சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது நட்டு தளராதிருக்கவே இந்த ஏற்பாடு. ஸ்டட்டின் நுனியில் 'எல்', 'ஆர்' என்ற எழுத்துகள் பொறித்திருக்கும். இதைக் கவனியாமல், நட்டு வரவில்லையே என்று ஸ்பேனரில் நீண்ட குழாயை மாட்டி ஏறிக் குதிப்பவர் நட்டைக் கழற்றவில்லை. மேலும் மேலும் முடுக்கிக் கொண்டிருக்கிறார். ஸ்டட் அங்கேயே முறியும். முறியாவிட்டால் இழுபட்டுப் பலவீனமாகிப் பின்னொரு நாள் சாலையில் முறியும். 2010ஐ ஒட்டி ஜப்பானிய உற்பத்தியாளர்கள் புதிய கனரக லோரிகளில் எல்லாப் பக்கமும் வலப்புரி மரை கொண்ட உலகத் தரமுறைக்கு மாறினார்கள். பழைய முறையின் குவிமுக நட்டையும் புதிய முறையின் தட்டைமுக நட்டையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடவே கூடாது. பழைய பாகங்களைச் சேர்த்து மறுசீரமைத்த லோரிகளில் இந்தத் தவறு நேர வாய்ப்பு அதிகம்.

எவ்வளவு முடுக்க வேண்டும் என்பதை வண்டியின் கையேடு சொல்லும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மீட்டர் நீளமுள்ள பிடியின் நுனியில் நின்றால் ஏறத்தாழ 590 நியூட்டன் மீட்டர் முறுக்கு கிடைக்கும். பழைய முறையில் அமைந்த 20 மில்லிமீட்டர் ஸ்டட்டுகளுக்குப் பொதுவாக 540 முதல் 590 வரைதான் கேட்கிறார்கள். அதே பிடியில் குதித்தால் அளவு எங்கேயோ போய்விடும். காற்றுத் துப்பாக்கியால் ஓரளவு முடுக்கி, கடைசி முடுக்கை அளவு காட்டும் ஸ்பேனரால் எதிரெதிராக முடுக்குவதே சரி.

ஹப்பையும் மறந்துவிடக் கூடாது. 2002 ஜனவரியில் ஜப்பானின் யோக்கோஹாமா நகரில் ஒரு மிட்சுபிஷி லோரியின் இடப்பக்க முன் சக்கரம் கழன்றோடி, தம் பிள்ளைகள் இருவருடன் நடந்து சென்ற தாய் ஒருவர்மீது மோதியது. அவர் உயிரிழந்தார், பிள்ளைகள் காயமுற்றனர். உடைந்தது ஹப். பராமரிப்புக் குறைவே காரணம் என்று முதலில் நிறுவனம் கூறியது. 2004இல் வடிவமைப்பிலேயே குறை இருந்ததை ஒப்புக்கொண்டது. டிரம்மைக் கழற்றும்போதெல்லாம் ஹப்பைத் துடைத்து, மயிரிழை விரிசல் உண்டா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஒரு ஸ்டட் முறிந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதாது. அதன் சுமையைத் தாங்கிய இரு பக்கத்து ஸ்டட்டுகளையும் மாற்ற வேண்டும். இரண்டோ அதற்கு மேலோ முறிந்திருந்தால் அச்சக்கரத்தின் எல்லா ஸ்டட்டுகளையும் மாற்ற வேண்டும். துளை நீண்ட சக்கரத்தைப் பற்றவைத்துப் பயன்படுத்தக் கூடாது. மாட்டுவதற்கு முன் ஹப்பும் சக்கரமும் சேரும் முகங்களில் துருவையும் மண்ணையும் தடித்த சாயத்தையும் கம்பித் தூரிகையால் சுரண்டி எடுக்க வேண்டும். சாயம் பூசி அழகாக மாட்டிய சக்கரந்தான் விரைவில் தளர்கிறது. சாயம் நசுங்க நசுங்கப் பிடி குறைகிறது. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மீண்டும் உரிய அளவுக்கு முடுக்கி, நட்டிலிருந்து சக்கரத்துக்கு ஒரு சாயக்கோடு இழுத்துவிட்டால், மறுநாள் காலையில் வண்டியை எடுக்கும் ஓட்டுநர் குனிந்து பார்த்தே நட்டு நகர்ந்ததா என்று தெரிந்து கொள்வார்.