ஒரே ஆள், இரண்டு வேடம்!

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார் ஒருவர். இன்னொருவருக்கு முடக்குவாதம், விரல்களெல்லாம் சுண்டுவிரல் பக்கமாகக் கோணிக்கொண்டு நிற்கின்றன. வார்டு வேறு, டாக்டர் வேறு, மாத்திரை வேறு. ஆனால் மேடைக்குப் பின்னால் ஒப்பனை அறையில் எட்டிப் பார்த்தால் தலையே சுற்றுகிறது. இரண்டு நாடகத்திலும் நடிப்பது ஒரே ஆள்!

பெயர் மோனோசைட். எலும்பு மஜ்ஜையில் பிறந்து, ஓரிரு நாள் ரத்தத்தில் சுற்றித் திரியும் வெள்ளையணு. இதயத் தமனியின் சுவருக்குள் நுழைந்தால் மேக்ரோபேஜ் என்று பெயர் மாறும். அங்கே தேங்கிய கொழுப்பை விழுங்கி விழுங்கி, உடம்பெல்லாம் நுரைத்து உப்பிவிடும். இதே வம்சத்துச் செல்கள் மூட்டில் ஒன்றோடொன்று கலந்தால், பல உட்கருக்கள் கொண்ட ஆஸ்டியோகிளாஸ்ட்! அது எலும்பின் மேல் அப்பிக்கொண்டு, சுற்றிலும் விளிம்பை இறுக்கி மூடி, அடியில் அமிலத்தைச் சுரக்கும். அந்த இடத்தில் எலும்பு கரைந்து குழி விழும். மூட்டைத் தாங்கும் நார்களும் அழற்சியில் தளர்ந்துபோக, விரல் கோணுகிறது.

இதைவிட வேடிக்கை இதய வால்வில். அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்த 347 வால்வுகளை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 2001இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவற்றில் சுண்ணாம்பு படிந்திருந்த வால்வுகளில் 13 சதவீதத்தில் முதிர்ந்த எலும்பே இருந்தது! இருக்க வேண்டிய இடத்தில் எலும்பைத் தின்னும் அழற்சி, இருக்கக் கூடாத இடத்தில் எலும்பு வளரவும் துணைபோகிறது.

சரி, இந்த நடிகருக்கு மணியடித்து மேடைக்கு அனுப்புவது யார்? தமனிக் கொழுப்புத் திட்டின் ஸ்லைடை நுண்ணோக்கியில் பாருங்கள். ஊசி ஊசியாய் வெள்ளை இடைவெளிகள் தெரியும். கொலஸ்ட்ரால் படிகங்கள் கிடந்த இடம் அது. ஸ்லைடு தயாரிக்கும்போது கொழுப்பு கரைந்துபோக, தடம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. யூரிக் அமிலப் படிகங்கள் செல்லுக்குள் என்எல்ஆர்பி3 என்ற அபாயமணியை அடிப்பது 2006இல் தெரியவந்தது. கவுட் என்ற மூட்டுநோய் வந்து கால் கட்டைவிரல் தீயாய் எரிவது அதனால்தான். கொலஸ்ட்ரால் படிகமும் அதே மணியைத்தான் அடிக்கிறது என்று 2010இல் தெரிந்தபோது இதயம், மூட்டு என இரண்டு துறைக்காரர்களும் துள்ளிக் குதித்திருக்க வேண்டும்! மணி அடித்ததும் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற செய்தி மூலக்கூறு வெளியேறும். செய்தி கல்லீரலை எட்டும். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதம் ஏறும்.

மணியோசையை அடக்கினால் மாரடைப்பு குறையுமா? பாஸ்டனில் இதய மருத்துவர் பால் ரிட்கர் இந்தக் கேள்வியை விடவேயில்லை. ஏற்கெனவே மாரடைப்பு வந்த, சிஆர்பி குறையாத 10,061 பேரைத் திரட்டினார். இன்டர்லூகின்-1 பீட்டாவை மட்டும் தடுக்கும் கனகினுமாப் ஊசி அவர்களில் பலருக்குப் போடப்பட்டது. கொலஸ்ட்ரால் குறையவில்லை. ஆனாலும் 150 மில்லிகிராம் பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு மூன்றும் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன! 2017இல் இந்த முடிவு வந்தபோது, அழற்சி வெறும் சாட்சியல்ல, குற்றத்தில் பங்காளி என்பது உறுதியானது. ஆனால் ஊசிக்கு விலை அதிகம். உயிரைப் பறிக்கும் தொற்றுகளும் சற்றுக் கூடின. இதயத்துக்கான மருந்தாக அது வரவில்லை.

அந்த இடத்துக்கு வந்தது கவுட்டுக்குக் கொடுக்கும் பழைய மருந்து, கோல்சிசின். வெள்ளையணுக்களின் உள்சட்டகத்தைக் கட்டவிடாமல் செய்து அவற்றின் ஓட்டத்தை மட்டுப்படுத்துவது இதன் வேலை. நாளுக்கு 0.5 மில்லிகிராம், 5,522 பேர், 2020இல் முடிவு: இதய ஆபத்து 31 சதவீதம் குறைவு. 2023இல் அமெரிக்கா இதயத்துக்கும் அனுமதி கொடுத்தது.

எனக்குப் புல்லரித்த இடம் இனிமேல்தான். இந்தக் கோல்சிசின் தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தளில் இருக்கிறது! ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று சொல்லி விதைக்காகப் பயிரிடுகிறார்களே, அதேதான். சூல்தண்டு பக்கவாட்டில் ஒடிந்தாற்போல் திரும்பி நிற்கும் அந்தப் பூவுக்கு, ஆட்கள் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். விதை மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது.

இதயம் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. மாரடைப்பு வந்த கையோடு கோல்சிசின் கொடுத்துப் பார்த்த 2024ஆம் ஆண்டின் பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. யாருக்கு, எப்போது கொடுப்பது என்று இதய நிபுணர்கள் இப்போது சூடாக வாதாடுகிறார்கள். டாக்டர் எழுதித் தராமல் யாரும் தொடக்கூடாத மருந்து இது. கிழங்கோ, தின்றால் உயிரையே எடுக்கும் நஞ்சு.