ஸ்விஸ் பாற்கட்டியும் பிறநாட்டார் அங்கீகாரமும்

ஸ்விட்ஸர்லாந்து மலைகள் நிறைந்த ஒரு சிறு தேசம். 1815-ஆம் வருஷத்தில் ஐரோப்பிய வல்லரசுகள் அதன் நடுநிலைமையை ஒப்புக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியத்திலும் அது சேரவில்லை. ஆகையால் அந்நாட்டுச் சரக்கு எல்லையைத் தாண்டியவுடன் அந்நியச் சரக்காகிவிடுகிறது. உள்நாட்டில் எவ்வளவு கண்டிப்பான தர விதிகள் இருந்தபோதிலும், வாங்கும் நாட்டார் அவற்றை அங்கீகரித்தாலன்றி முழுப் பயன் கிட்டாது. அந்நாட்டின் பிரசித்தி பெற்ற குரூயேர் என்னும் பாற்கட்டியின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

தீவனத்தில் கட்டுப்பாடு

குரூயேர், பிரைபூர், வோ, நொஷாத்தெல், ஜூரா முதலிய மேற்குப் பிரதேசங்களில் செய்யப்படுகிறது. இதற்குப் பால் தரும் பசுக்களுக்குக் கோடையில் பசும்புல்லும் குளிர்காலத்தில் உலர்ந்த புல்லுமே முக்கிய ஆகாரம். ஸைலேஜ் என்னும், காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த தீவனம் அறவே விலக்கப்பட்டுள்ளது. அதிலுள்ள ஒருவகை நுண்கிருமிகளின் வித்துக்கள் சாணத்தின் வழியாக மடியிலும் பாலிலும் கலந்துவிடும். காய்ச்சும் சூட்டிலும் அவை மடிவதில்லை. சில மாதங்கள் கழித்து, பாற்கட்டி பக்குவப்படும்போது அவை வாயுவை உண்டாக்க, கட்டி உப்பி வெடித்துக் கெட்டுப்போகும். புல்லை உலர்த்திச் சேமிப்பது மழைக்கு அஞ்சிச் செய்யவேண்டிய வேலையாயினும், குடியானவர்கள் இவ்விதியை அனுசரித்து வருகின்றனர்.

செய்முறையும் அடையாளமும்

பால் காலையும் மாலையும் கறந்தவுடன் பாற்கட்டிச் சாலைக்குச் சேரவேண்டும். காய்ச்சாத அப்பாலைச் செப்புக் கொப்பரைகளிலிட்டு உறையவைக்கின்றனர். சுமார் 400 லிட்டர் பாலிலிருந்து ஏறக்குறைய 35 கிலோ எடையுள்ள ஒரு வட்டு கிடைக்கும். அது குறைந்தது 5 மாதம் பக்குவப்படவேண்டும். ஒவ்வொரு வட்டிலும் சாலையின் எண்ணும் செய்த தேதியும் பதிக்கப்படுவதால், குறை காணப்பட்டால் அது எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடிப்பது எளிது. பரீட்சையில் தேறாத வட்டுக்கு அப்பெயர் கிடையாது. 2001-ஆம் வருஷத்தில் ஸ்விஸ் சர்க்கார் இப்பெயரைப் பதிவு செய்து சட்டப் பாதுகாப்பு அளித்தனர்.

ஐரோப்பாவில் கிடைத்த பலன்

ஐரோப்பிய ஒன்றியத்துடன் 1999-ஆம் வருஷம் ஜூன் 21-ஆம் தேதி கையெழுத்தான உடன்படிக்கை 2002 ஜூன் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதன்படி 2007 ஜூன் 1 முதல் இருதிறத்தாரின் பாற்கட்டிக்கும் சுங்கவரியும் அளவுக் கட்டுப்பாடும் நீங்கின. பிற நாட்டுப் பாற்கட்டிகளும் தடையின்றி ஸ்விட்ஸர்லாந்துக்குள் வரலாயின. அப்போட்டியில் உள்நாட்டுக் குடியானவர்களுக்குத் துணையாயிருந்தது தரமும் பெயருமே. 2011-இல் பதிவான பெயர்களை இருதிறத்தாரும் ஒப்புக்கொண்டனர். பிரான்ஸிலும் அப்பெயருடன் பாற்கட்டி செய்யும் வழக்கம் நெடுநாளாக உண்டாதலால், அது தன் தேசத்தைத் தெளிவாகக் குறித்து விற்க இடமளிக்கப்பட்டது.

அமெரிக்காவில் நேர்ந்த தோல்வி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிலைமை வேறு. ஸ்விஸ், பிரெஞ்சு உற்பத்தியாளர்கள் கூடி இப்பெயருக்கு அத்தாட்சி முத்திரை கோரினர். 2023-ஆம் வருஷம் மார்ச் 3-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிஸ்தலம் அதை மறுத்துவிட்டது. பல காலமாக எவ்விடத்துப் பாற்கட்டியும் அப்பெயரால் அங்கே விற்கப்பட்டு வந்தமையால், அது ஊரைக் குறிக்கும் பெயராயிராமல் ஒரு வகையைக் குறிக்கும் பொதுப்பெயராகிவிட்டது என்பது தீர்ப்பு. அந்நாட்டு உணவு விதியும் இப்பாற்கட்டிக்கு உற்பத்தி ஸ்தலம் எதையும் வகுக்கவில்லை. 90 நாள் பக்குவப்பட்டாலே போதும் என்கிறது. ஐந்து மாதம் காத்திருந்து செய்த சரக்கும், மூன்றே மாதத்தில் வெளிவந்த சரக்கும் அங்கே ஒரே பெயருடன் கடைக்கு வரலாம்.

கவனிக்கத்தக்கவை

இவ்வரலாற்றில் இரண்டு விஷயங்கள் புலனாகின்றன. முதலாவது, சரக்கின் தரம் கடைத்தெருவில் உண்டாவதன்று. தொழுவத்திலும் புல்வெளியிலும் தொடங்குவது. ஒருவர் விதியை மீறினால் அவ்வூரார் அனைவர் பெயரும் கெடும். இரண்டாவது, பெயரைக் காக்கும் முயற்சியைக் காலத்தில் செய்யவேண்டும். பிறர் அதைப் பொதுச்சொத்தாக்கிக்கொண்ட பின்னர், எவ்வளவு உயர்ந்த சரக்காயினும் பெயரை மீட்பது அரிது.