கணக்குப் பயம் எங்கிருந்து வருகிறது?

பாவ்லாவ் என்றதும் நாய், மணியோசை, உமிழ்நீர் ஆகிய மூன்றும் நம் நினைவுக்கு வரும். உணவுக்குச் சற்று முன் மணியை ஒலித்து வந்தால், நாளடைவில் மணியோசைக்கே உமிழ்நீர் சுரக்கும். இந்த ஆக்கநிலையுறுத்தத்தைப் பயிற்சிக் காலத்தில் தேர்வுக்காகப் படித்தோம். வகுப்பறைக்குத் தேவையான செய்தி இதற்கு அடுத்த பக்கங்களில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

1920இல் வாட்சனும் ரேனரும் பதினொரு மாதக் குழந்தை ஒன்றின் முன் வெள்ளெலியை விட்டனர். குழந்தை அதைத் தொட்டபோது, பின்னாலிருந்து இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தனர். சில முறைகளிலேயே, ஓசை இல்லாமல் எலியை மட்டும் கண்டாலும் குழந்தை அழுதது. பயம் முயலுக்கும் உரோம மேலாடைக்கும்கூடப் பரவியது. அதைப் போக்காமலேயே சோதனை முடிந்தது. இன்று எவரும் அனுமதிக்கமாட்டார்கள்.

எலியைப் போலவே வகுத்தல் கணக்கும் தன்னளவில் அச்சமூட்டுவதன்று. கரும்பலகை முன் விடை தவறும்போது எழும் சிரிப்புதான் அந்த இரும்போசை. பிரம்பு பெரும்பாலும் போய்விட்டது, சிரிப்பு போகவில்லை. பிறகு பயம் கணக்குப் புத்தகத்துக்கும், அந்தப் பாடவேளைக்கும், சில வேளை பள்ளிக்கே வருவதற்கும் பரவுகிறது.

இரண்டும் எத்தனை முறை சேர்ந்து வந்தன என்பது மட்டும் முக்கியமன்று. எலிகளைக் கொண்டு ரெஸ்கோர்லா 1968இல் இதைக் காட்டினார். ஒலியோடு மின்னதிர்ச்சி வந்தது. ஒலி இல்லாதபோதும் அதே அளவில் வந்தது. அப்போது எலிகள் ஒலிக்கு அஞ்சக் கற்கவில்லை. ஒலி எதையும் முன்னறிவிக்கவில்லை அல்லவா? எப்போது திட்டு விழும் என்று தெரியாத வகுப்பிலும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். அங்கே கணக்குப் பாடவேளை மட்டும் தனியே அச்சமூட்டாது. வகுப்பறை முழுவதுமே அச்சமூட்டும்.

"பயப்படாதே" என்று சொன்னால் இது போகாது. உணவு தராமல் மணியை மட்டும் திரும்பத் திரும்ப ஒலித்தால் உமிழ்நீர் குறைந்து நின்றுவிடும். ஆனால் சற்று இடைவெளி விட்டு மீண்டும் ஒலித்தால் ஓரளவு சுரக்கும். பழைய இணைப்பு அழிவதில்லை, அடங்கியிருக்கிறது. மார்ச்சில் தேறிய மாணவி ஜூனில் மீண்டும் தயங்கினால், நம் உழைப்பு வீணானது என்று பொருளன்று.

1924இல் மேரி கவர் ஜோன்ஸ் வெளியிட்ட ஆய்வில் வழி ஒன்று கிடைக்கிறது. முயலுக்கு அஞ்சிய பீட்டருக்கு வயது ஏறத்தாழ மூன்று. அவன் விரும்பிய உணவைச் சாப்பிடும்போது, கூண்டிலிருந்த முயலைத் தொலைவில் வைத்து, சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்தார். முயலுக்கு அஞ்சாத குழந்தைகளையும் உடன் விளையாடவிட்டார். முடிவில் பீட்டர் முயலைத் தொட்டு விளையாடினான்.

கரும்பலகைக்கு அஞ்சும் மாணவரிடம் இந்த வரிசையையே நான் பின்பற்றுகிறேன்: முதலில் தன் நோட்டில், பிறகு நண்பரோடு சேர்ந்து, பிறகு விடை உறுதியாகத் தெரிந்த கணக்கை மட்டும் பலகையில். அவசரம் கூடாது. முயலை விரைந்து அருகில் கொண்டுவந்தால் பயம் உணவோடும் ஒட்டிக்கொள்ளலாம் என்பதை ஜோன்ஸும் கவனித்திருந்தார். பிள்ளைகள் விரும்பும் கணக்கு விளையாட்டின் நடுவே கடினமான கணக்கைத் திடீரென்று நுழைத்தால், அடுத்த நாள் அந்த விளையாட்டுக்கும் எவரும் கை தூக்கமாட்டார்கள்.