ஊரா, காலனியா?

ஆர்.கே.பேட்டை பக்கத்துக் கிராமம் ஒன்றில் பஸ்ஸை விட்டிறங்கி வழி கேட்டால், "ஊருக்குள்ளயா, காலனிக்கா?" என்று திருப்பிக் கேட்பவர்கள் இன்னும் உண்டு. அந்த ஒரு கேள்வியிலேயே சாதி விசாரணை முடிந்துவிடுகிறது.

லத்தீனில் 'கொலோனியா' என்றால் குடியேற்றம். சொல்லில் குற்றமில்லை. ரயில்வே காலனி, பேங்க் காலனி என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. தலித் மக்களின் தெருவைக் குறிக்கும்போது மட்டும் அது சுடுசொல். பள்ளிக்கூடத்தில் விலாசம் சொல்லும் பிள்ளை, அந்த இடம் வந்ததும் குரலைத் தாழ்த்துகிறது. எவ்வளவு பெரிய கொடுமை அது!

2025 ஏப்ரல் 29 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் இச்சொல்லை நீக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். தீண்டாமையின் குறியீடாக, வசைச்சொல்லாக அது மாறிவிட்டது என்பதே அவர் சொன்ன காரணம்.