மருந்துச் சீட்டில் உணவு

1960களில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், மவுண்ட் பேயு என்ற கறுப்பின மக்களின் ஊரில் டாக்டர் ஜாக் கைகர் ஒரு சுகாதார நிலையத்தை நடத்தி வந்தார். அங்கு வந்த பிள்ளைகள் பலரின் நோய்க்கு வேர் பட்டினிதான். எனவே மருத்துவர்கள் மருந்துச் சீட்டில் பால், இறைச்சி, காய்கறி என்று எழுதிக் கொடுத்தார்கள். மளிகைக் கடைக்காரர் பொருளைக் கொடுத்தார். பில் மருந்துச் செலவில் சேர்ந்தது. நிதி கொடுத்த அரசு அலுவலகம் கேள்வி கேட்டபோது, சத்துக்குறைவுக்கு மருத்துவ நூல்கள் சொல்லும் சிகிச்சையே உணவுதானே என்று கைகர் பதில் சொன்னார்.

அன்று கேள்வி கேட்கப்பட்ட அந்தச் செலவை இன்று அங்கே மருத்துவக் காப்பீட்டாளர்களே ஏற்கத் தொடங்கியிருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் மருத்துவமனைகளோடு காப்பீட்டுத் திட்டமும் நடத்தும் கைசிங்கர் நிறுவனம், 2016ல் சர்க்கரை கட்டுப்படாத ஏழை நோயாளிகளுக்குக் காய்கறியும் பழமும் கொடுக்க ஆரம்பித்தது. நோயாளிக்கு மட்டுமல்ல, வீட்டார் அனைவருக்கும். ஒரே அடுப்பில் இரண்டு சமையல் நடக்காது என்பது நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை! மாசசூசெட்ஸ் மாநிலமும் ஏழைகளுக்கான காப்பீட்டிலிருந்து 2020 முதல் உணவுக்குப் பணம் கொடுத்து வந்தது.

இது தர்மம் அல்ல, கணக்கு. கட்டுப்படாத சர்க்கரை சிறுநீரகத்தையும் காலையும் கெடுத்தால் அந்த மருத்துவமனைச் செலவு காப்பீட்டாளரின் தலையில்தான் விழும்.

ஆனால் உணவு எல்லா நோயையும் தீர்த்துவிடுவதில்லை. 2023ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உணவு பெற்ற சர்க்கரை நோயாளிகளுக்கு ஆறு மாதத்தில் எச்பிஏ1சி அளவு 1.5 புள்ளி குறைந்தது. பெறாதவர்களுக்கும் 1.3 குறைந்திருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுக் காய்கறியை நம்புபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதே ஆண்டு நம் நாட்டின் ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு வெளியானது. காசநோயாளிகளின் வீட்டாருக்குச் சத்தான உணவுப் பொருட்கள் கொடுத்தபோது, அவர்களுக்குக் காசநோய் தொற்றுவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. பசியே நோய்க்கு வழி திறக்கும் இடத்தில் உணவு அதிகம் வேலை செய்கிறது. காசநோயாளிக்கு நம் அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்ததை 2024 நவம்பர் முதல் 1000 ஆக்கியதும் இதனால்தான்.

காப்பீடு மார்க்கத்தில் கூடுமா என்பது தனி விவாதம், அதற்குள் நாம் போகவில்லை. நாம் கேட்பது நமது பைத்துல்மால் பற்றி. மருத்துவ உதவி கேட்டு வருபவரிடம் மருத்துவமனை பில் கேட்கிறோம், முடிந்ததைக் கொடுக்கிறோம். டிஸ்சார்ஜ் ஆகி வீடு திரும்பியவர் என்ன சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்பதில்லை. டயாலிசிஸ் செய்பவர் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டால், அந்த உப்பால் உடம்பில் நீர் ஏறி மறுபடியும் மருத்துவமனைதான். நல்லெண்ணத்தில் இளநீரும் வாழைப்பழமும் வாங்கிப் போவதும் அவருக்கு ஆபத்து, பொட்டாசியம் கூடிவிடும். எனவே மருத்துவரிடம் உணவுப் பட்டியல் எழுதி வாங்கி, அதன்படி மாதாமாதம் பொருள் கொடுக்கும் ஏற்பாட்டை ஒவ்வொரு மஹல்லாவும் யோசிக்கலாம். நோயாளிக்கு தல்பீனா கஞ்சி கொடுக்கச் சொன்ன அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வழக்கத்தை ஹதீஸ் நூல்களில் படித்தவர்கள்தானே நாம்.

இதற்கு ஜகாத் பணத்தைப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். ஹனஃபி மத்ஹபில், பணத்தின் மதிப்புக்குப் பொருளாகக் கொடுக்கலாம். ஆனால் ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழையின் கையில் அது உடைமையாகப் போய்ச் சேர வேண்டும். பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டால் ஜகாத் நிறைவேறாது. ஷாஃபி மத்ஹபினர் பணமாகவே அவர் கையில் கொடுத்து, பட்டியலையும் சேர்த்துக் கொடுப்பது பேணுதலானது. பொதுவான ஸதகாவுக்கு இந்த நிபந்தனைகள் இல்லை, சமைத்தும் அனுப்பலாம்.