கப்பல் கடத்தப்பட்டாலும் சம்பளம் நிற்காது

2024 ஜனவரி 4 மாலை. சோமாலியாவுக்குக் கிழக்கே போய்க்கொண்டிருந்த ‘லீலா நார்ஃபோக்’ சரக்குக் கப்பலில் துப்பாக்கியோடு ஐந்தாறு பேர் ஏறினார்கள். கப்பலில் இருந்த 21 பேரில் 15 பேர் இந்தியர்கள். அவர்கள் யாரும் சண்டைக்குப் போகவில்லை. தகவல் அனுப்பிவிட்டு, கீழே இறங்கிக் கதவைப் பூட்டிக்கொண்டார்கள். மறுநாள் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். சென்னை வந்து சேர, கமாண்டோக்கள் ஏறித் தேடியபோது கொள்ளையர் ஒருவரும் இல்லை. மாலுமிகள் அத்தனை பேரும் பத்திரம்.

பூட்டிக்கொண்ட அந்த இடத்தைக் கப்பல்காரர்கள் ‘சிட்டடல்’ என்பார்கள். பெரும்பாலும் இன்ஜின் ரூமிலோ ஸ்டீயரிங் அறையிலோ இருக்கும். உள்ளிருந்து தாழிடும் இரும்புக் கதவு, சில நாளுக்குத் தண்ணீர், சாப்பாடு, மருந்து, வெளியே பேச சாட்டிலைட் போன். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒருவர்கூட வெளியே நின்றுவிடக் கூடாது. ஒரே ஒரு ஆள் சிக்கினாலும் கமாண்டோக்களின் கை கட்டப்பட்டுவிடும். அதனால்தான் டிரில்லில் தலை எண்ணுகிறார்கள். புதிதாகச் சேரும் பையன்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் நல்லது.

எல்லாக் கடலிலும் ஆபத்து ஒரே மாதிரி இல்லை. சோமாலியா பக்கம் கப்பலையே பிடித்துவைத்துப் பணம் கேட்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் கினி வளைகுடாவில் கப்பலை விட்டுவிட்டு ஆட்களைக் கொண்டுபோவார்கள். 2019 டிசம்பரில் நைஜீரியா அருகே ‘நேவ் கான்ஸ்டலேஷன்’ எண்ணெய்க் கப்பலிலிருந்து அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களில் 18 பேர் இந்தியர்கள். சிங்கப்பூர் நீரிணையில் பெரும்பாலும் நடுராத்திரித் திருட்டு. இன்ஜின் உதிரி பாகங்களே குறி.

இப்படிப்பட்ட தாக்குதல் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் நடந்தால் சட்டப்படி அது கடற்கொள்ளை ஆகாது; அந்தந்த நாட்டுப் போலீஸ் பார்க்க வேண்டிய ஆயுதக் கொள்ளை. கோடியக்கரைக்கு அப்பால் நம் மீனவர்களிடம் வலை, ஜி.பி.எஸ்., வாக்கி டாக்கி பறிப்பவர்களைப் பத்திரிகைகள் கடற்கொள்ளையர் என்றே எழுதினாலும், கரையை ஒட்டி நடப்பது வழக்கமான குற்றவியல் சட்டத்தில்தான் வரும். தமிழகக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் இலவச எண் 1093, கடலோரக் காவல்படையின் எண் 1554. இரண்டையும் படகில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

ஆழ்கடலில் பிடிபட்டவனை யார் விசாரிப்பது என்பதில் இந்தியா ஒருமுறை சூடு பட்டிருக்கிறது. 1999 அக்டோபரில் இந்தோனேசியாவிலிருந்து அலுமினியம் ஏற்றிப் புறப்பட்ட ஜப்பானியருக்குச் சொந்தமான ‘அலோண்ட்ரா ரெயின்போ’ கடத்தப்பட்டது. மாலுமிகளை மிதவையில் இறக்கிவிட்டார்கள். பத்து நாள் தத்தளித்தவர்களைத் தாய்லாந்து மீனவர்கள் காப்பாற்றினார்கள். கப்பலுக்குப் பெயரை மாற்றி எழுதி இந்தியக் கடல்வரை ஓட்டிவந்தவர்களை நம் கடலோரக் காவல்படையும் கடற்படையும் துரத்திப் பிடித்தன. மும்பை நீதிமன்றம் 2003-ல் தண்டித்தது. 2005-ல் உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. கடற்கொள்ளைக்கென்று தனிச் சட்டம் அப்போது நம்மிடம் இல்லை.

அந்தச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்ற 2022 ஆனது. உயிர்ப்பலி ஏற்பட்டால் மரண தண்டனைவரை அதில் இடமுண்டு. 2024 மார்ச்சில், கடத்தப்பட்டிருந்த ‘ரூயன்’ கப்பலை மீட்ட ஐ.என்.எஸ். கொல்கத்தா, சரணடைந்த 35 சோமாலியரை மும்பைப் போலீஸிடம் ஒப்படைத்தபோது வழக்குப் போட அந்தச் சட்டம் கையில் இருந்தது.

அலோண்ட்ரா ரெயின்போ ஜப்பானையும் உலுக்கியது. அந்த நாட்டின் முயற்சியில் உருவான ‘ரீகேப்’ ஒப்பந்தம் 2006-ல் அமலுக்கு வந்தது. ஆசியக் கடலில் நடக்கும் தாக்குதல் பற்றிய தகவல் சிங்கப்பூரில் உள்ள ஒரே மையத்துக்குப் போய், அங்கிருந்து உறுப்பு நாடுகளுக்குப் பரவும். இந்தியாவும் இலங்கையும் உறுப்பினர்கள். மலாக்கா நீரிணையின் இரு கரையிலும் இருக்கிற மலேசியாவும் இந்தோனேசியாவும் சேரவில்லை. இறையாண்மை பற்றிய அவற்றின் தயக்கம் புரிகிறது. ஆனாலும் இது பெரிய ஓட்டைதான். 2004 முதல் சிங்கப்பூரோடு சேர்ந்து அவை நடத்தும் ரோந்தே அந்த இடத்தை ஓரளவு அடைக்கிறது. 2005-ல் போர் அபாயப் பகுதி என்று லண்டன் காப்பீட்டுச் சந்தை அறிவித்த மலாக்கா, மறு ஆண்டே அந்தப் பட்டியலிலிருந்து நீங்கியது.

கடற்படை வருவது கடைசிக் கட்டம். முதல் பாதுகாப்பு நீங்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. 2010-ல் கடத்தப்பட்ட ‘ஆஸ்ஃபால்ட் வென்ச்சர்’ கப்பலுக்குப் பணம் கொடுத்த பிறகும் ஏழு இந்தியர்களைக் கொள்ளையர் விடவில்லை. அவர்கள் கரை திரும்பியது 2014-ல். அத்தனை காலம் வீட்டுக்குப் பணம் வருமா?

வர வேண்டும். இந்தியா ஏற்றுள்ள கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2020 டிசம்பரில் அமலுக்கு வந்த திருத்தம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. மாலுமி பிணையாக இருக்கும்வரை ஒப்பந்தம் செல்லும். அதன் தேதி முடிந்துபோனாலும், கம்பெனி நோட்டீஸ் கொடுத்தாலும் செல்லும். சம்பளமும், வீட்டுக்கு அனுப்பச் சொன்ன பங்கும் அவர் விடுதலையாகி ஊர் திரும்பும்வரை தொடர வேண்டும். திரும்பி வரும் செலவும் கம்பெனியுடையது. போர்ப் பகுதி என்று ஒப்பந்தம் குறிப்பிடும் கடலுக்குப் போக மாட்டேன் என்று சொல்லி ஊர் திரும்பவும் உரிமை உண்டு.

ஆனால் மீன்பிடிப் படகும் பாரம்பரிய மரக்கலமும் இந்த உடன்படிக்கைக்கு வெளியே. வளைகுடா நாடுகளில் மீன்பிடிக்கப் போகும் குமரி, தூத்துக்குடி, ராமநாதபுரத்து இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சோமாலியக் கொள்ளையர் தாய்க்கப்பலாக, அதாவது நடுக்கடலில் தாக்குதலுக்குத் தளமாக, பயன்படுத்தத் தேடுவதே இத்தகைய படகுகளைத்தான். 2024 ஜனவரியில் ஐ.என்.எஸ். சுமித்ரா அடுத்தடுத்து மீட்ட ‘ஈமான்’, ‘அல் நயீமி’ இரண்டும் ஈரான் மீன்பிடிப் படகுகள். ஆபத்து அதிகம், பாதுகாப்பு குறைவு என்றால் இவர்களுக்குத்தான். இவர்களுடைய குடும்பங்கள் வெளியுறவுத் துறையின் ‘மதத்’ இணையதளத்திலும் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிலும் முறையிடலாம்.

வணிகக் கப்பல் மாலுமியின் குடும்பம் உடனே போக வேண்டியது கம்பெனியிடமும், மும்பையில் 24 மணி நேரமும் இயங்கும் டி.ஜி. ஷிப்பிங் (மத்திய அரசின் கப்பல்துறைத் தலைமை இயக்குநரகம்) தகவல் மையத்திடமும். கொள்ளையர் வீட்டுக்கே போன் செய்து மிரட்டுவதுண்டு. பேரம் பேசாதீர்கள்; வந்த நேரம், எண், சொன்ன விஷயம் எல்லாவற்றையும் குறித்து அதிகாரிகளிடம் கொடுங்கள்.

கப்பல் ஏறுமுன் மாலுமிகளை வேலைக்குச் சேர்க்க ஏஜென்ட் வைத்திருக்க வேண்டிய ஆர்.பி.எஸ்.எல். உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்தில் பாருங்கள். உரிமம் பெற்ற ஏஜென்ட், வேலை வாங்கித் தர மாலுமியிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பணம் கேட்டால், டூரிஸ்ட் விசாவில் அனுப்புகிறேன் என்றால், ஒப்பந்த நகலைத் தரத் தயங்கினால், கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள். நகல் கையில் வந்ததும் ஒரு பிரதியை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.