எஃப் என்ற ஓர் எழுத்து

"சித்தப்பா, இந்த எஃப் போட்டது கழிச்சுப் போட்ட சரக்கா?"

கெடா மாநிலத்துப் பாடாங் செராய் வீட்டு மேசையில் இன்டெல் ஐ3-12100எஃப் பிராசசரை வைத்துக்கொண்டு அண்ணன் மகன் கேட்டான். வாங்கின சந்தோஷம் போய்ச் சந்தேகம் வந்துவிட்டது பிள்ளைக்கு.

இதற்கு விடை பக்கத்துக் கூலிமிலேயே இருக்கிறது. ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த அந்த ஊரில் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகள் பலர் இன்று அங்கே ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். அங்குள்ள இன்டெல் ஆலையில் வட்டமான சிலிக்கன் தகட்டை நகக்கண் அளவு சில்லுகளாக அறுத்து, சோதித்துத் தரம் பிரிக்கிறார்கள்.

ஒரு சில்லில் டிரான்சிஸ்டர்கள் கோடிக்கணக்கில் இருக்கும். ஒரு மூலையில் பழுது என்றால் முழுச் சில்லையும் எறிய வேண்டியதில்லை. அந்தப் பகுதியை அடைத்துவிட்டு, மற்றதைக் குறைந்த விலைக்கு விற்கலாம். மலிவு விலைக்கு ஆள் இருக்கிறது என்பதற்காக நல்ல பகுதியை அடைத்து விற்பதும் உண்டு. ஏஎம்டியின் ரைசன் 5 5600 பிராசசர், எட்டு கோர் சில்லில் இரண்டை அடைத்தது. ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டில் 32 கணக்குப் பிரிவுகளுக்கு 28 தான் ஓடும். எஃப் என்றால் பிராசசருக்குள் படம் காட்டும் பகுதி வேலை செய்யாது. நான்கு கோர்களுக்கும் ஒரு குறையும் இல்லை. தனி கார்டு வாங்கப் போகிறவனுக்கு அந்தப் பகுதி எதற்கு?

அதனால், சிக்கனம் என்பது எது அடைபட்டிருக்கிறது, அது நமக்குத் தேவையா என்று பார்த்து வாங்குவது. விளையாட்டுக்கு முதல் செலவு கார்டுதான். 1080பி திரைக்கு ஆர்எக்ஸ் 6600 தாராளம். கார்டுக்கு இப்போது பணம் இல்லையா? உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி எடுத்துக்கொண்டு, கார்டைப் பிறகு பார்க்கலாம். அப்படி எடுத்தால் ரேம் 16 ஜிபி ஒற்றைக் குச்சியாக வேண்டாம், இரண்டு 8 ஜிபியாகப் போடுங்கள். தனி கார்டு இல்லாத கணினியில் படமும் அதே ரேமில்தான் ஓடுகிறது. குச்சி இரண்டானால் ரேமுக்குப் பாதையும் இரண்டாகும், வேகம் நன்றாகவே கூடும்.

பவர் சப்ளையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஆர்எக்ஸ் 6600 132 வாட் இழுக்கும், பிராசசரையும் மற்றதையும் சேர்த்தாலும் 300-ஐத் தாண்டாது. நம்பகமான 550 வாட் போதும். பெயர் தெரியாத பெட்டியில் 700 என்று அச்சிட்டிருந்தாலும் நம்பாதீர்கள். அது போகும்போது கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம். கெடாவில் சாயங்கால இடி தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுவது நல்லது.

கார்டு உட்பட எல்லாம் பொருத்தி, அண்ணன் மகன் பொத்தானை அழுத்தினான். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே நின்றது. பையன் முகம் வாடிப்போனது. பின்னால் எட்டிப் பார்த்தேன். திரைக் கேபிளை மதர்போர்டின் துளையில் செருகியிருந்தான். எஃப் பிராசசருக்கு அந்தத் துளை வழியாக அனுப்பப் படமே இல்லை. கீழே, கார்டின் துளைக்கு மாற்றினோம். வெளிச்சம் வந்தது.